கட்டைவிரல் தொடர்பான முடிவு

அப்பாவின் வலது கால் கட்டைவிரல் கறுத்துப் போயிருந்ததை முதலில் பார்த்தவள் அக்காதான். குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவருக்கு நகம் வெட்டிவிடலாம் என்று குனிந்தவள், நகவெட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண்ணைச் சோதித்து, லென்ஸைத் தேய்த்து, பிரேமில் பொருத்திக் கொடுக்கிற வேலை. தெருவில் எல்லாருக்கும் அவன் கண்ணாடிக்காரன். அக்காவின் குரலைக் கேட்டதும், "இது தெளிவா, அது தெளிவா?" என்று தான் கேட்டுக்கொண்டிருந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினான்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற வண்டியில் நின்றே சம்பாதித்தவர். அம்மா போன பிறகு பழைய வீட்டில் தனியாக இருந்தார். சர்க்கரை வந்து பதினைந்து வருஷமாகிறது. செருப்புக்குள் ஆணி முளைத்திருந்தது தெரியாமல் நாலைந்து நாள் நடந்திருக்கிறார். "வலிக்கவே இல்லையே" என்று அதை ஒரு நல்ல செய்தி மாதிரி பிள்ளைகளிடம் சொன்னார்.

அன்றே பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆண்கள் வார்டு, பதினாலாம் கட்டில். மறுநாள் புதன்கிழமை காலையில் அறுவை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்தார். கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். பேசும்போது கடிகாரத்தைப் பார்க்காத டாக்டர் என்பதே பெரிய விஷயம்.

இரண்டு வழி இருப்பதாக அவர் விளக்கினார். ஒன்று, விரலை உடனே எடுத்துவிடுவது. சின்ன ஆபரேஷன், இதயத்துக்குத் தொந்தரவில்லை. ஆனால் காலுக்கு ரத்தம் சரியாக இறங்கவில்லை. புண் ஆறாமல் போகலாம், மறுபடி வெட்ட வேண்டி வரலாம். இரண்டாவது, விரலைத் தொடாமல் தொடையில் ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்துவிடுவது. ரத்தம் ஓடினால் கால் பிழைக்கும். ஆனால் அப்பாவின் இதயமும் சிறுநீரகமும் அதைத் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது.

"நீங்களா இருந்தா எதைச் செய்வீங்க டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

டாக்டரின் முகம் மாறியது. அப்படியொரு கேள்விக்குப் பதில் சொன்னால் அது குடும்பத்தைத் திசைதிருப்புவதாகிவிடும், முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது சொல்லக் கூடாது என்றார். இரண்டு மூன்று நாளுக்குள் சொன்னால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அக்காவும் தம்பியும் வராந்தா ஜன்னலோரம் நின்று பேசினார்கள். அம்மா இல்லாத வீட்டில் எல்லா முடிவும் இப்படித்தான் எடுத்துப் பழக்கம். இவன் பாதி வாக்கியம் சொன்னால் அவள் மீதியை முடிப்பாள். விரலோடு போகட்டும், இதயத்தில் கைவைக்க வேண்டாம் என்று இருவருக்குமே தோன்றியது. படிவத்தில் முதல் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு நர்ஸிடம் கொடுத்தார்கள். படிவத்தின் மேலே வாங்கிய நேரமும், கீழே கொடுத்த நேரமும் எழுத இடம் இருந்தது. அதையும் ஒழுங்காக எழுதினார்கள். அங்கேதான் தப்புப் பண்ணினார்கள்.

வியாழக்கிழமை படிவம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் 'அவசர முடிவு' என்று முத்திரை. வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் நடுவே நான்கு நிமிஷம்தான் இருந்ததாம். மூன்றாம் மாடியில் நல்முடிவுப் பிரிவைப் பார்க்கச் சொன்னாள் நர்ஸ்.

அந்தப் பிரிவு வந்து ஒன்றரை வருஷமாகிறது. யாரோ ஒருவர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு தன்னை யோசிக்கவே விடவில்லை என்று வழக்குப் போட்டாராம். நிர்வாகக் குழு கூடி, இனிமேல் இந்தக் கட்டடத்தில் யாரும் யோசிக்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று தீர்மானித்தது. அந்தக் கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்று வார்டில் சொல்லிக்கொண்டார்கள். அதிலிருந்து, கடினமான தேர்வு என்று டாக்டர் எழுதிவிட்டால் நல்முடிவுச் சான்று இல்லாமல் ஆபரேஷன் பட்டியலில் பெயர் ஏறாது.

வார்டில் பெயின்ட் உரிந்திருக்கும். மின்விசிறி மூன்று இருந்தால் ஒன்று சுற்றும். மூன்றாம் மாடியில் தரைவிரிப்பு இருந்தது. புதைந்துபோகிற சோபா, கண்ணைத் துடைத்துக்கொள்ளக் காகிதக் கைக்குட்டை, சுவரில் இரண்டாகப் பிரியும் பாதையின் படம். ஒருங்கிணைப்பாளர் என்று அழைக்கப்பட்டவர் எழுந்து வந்து இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். பஞ்சு மாதிரி குரல். பக்கத்தில் ஒரு பதிவாளர் அம்மா, யார் என்ன பேசினாலும் எழுதிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அறிமுக அமர்வு. மொத்தம் பதினோரு குடும்பம். ஒருங்கிணைப்பாளர் நின்றுகொண்டு பேசினார்.

"இந்தப் பிரிவு வர்றதுக்கு முன்னாடி இங்க மாசத்துக்கு நாற்பது கடினமான முடிவு எடுத்துட்டிருந்தாங்க. அதுல ஆறு குடும்பம் பின்னால வருத்தப்பட்டாங்க. போன மாசம் நாங்க எடுக்க வெச்சது மூணே மூணு முடிவு. அந்த மூணுல ஒருத்தர்கூட வருத்தப்படலை. நூற்றுக்கு நூறு."

பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, மீதி முப்பத்தேழு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டார்.

"அவங்களுக்கு முடிவெடுக்க வேண்டிய அவசியமே ஏற்படலை" என்றார் ஒருங்கிணைப்பாளர், அதே பஞ்சுக் குரலில். பதிவாளர் அம்மா அதையும் எழுதிக்கொண்டார். கேள்வி கேட்டவர் மெல்ல உட்கார்ந்தார்.

அமர்வு முடிந்ததும் கண்ணாடிக்காரன் அவரிடம் தனியாகப் போய், டாக்டர் இரண்டு மூன்று நாள் என்று சொல்லியிருக்கிறார் என்று நினைவூட்டினான். அவர் அவன் தோளில் கை வைத்தார். நாள் கணக்குப் பார்ப்பதுதான் நல்ல முடிவுக்கு முதல் எதிரி என்று சொல்லி, திங்கட்கிழமை பயிற்சிக்கு வரச் சொன்னார். சனி, ஞாயிறு பிரிவுக்கு விடுமுறை.

சாயங்காலம் அப்பா கேட்டார், "என்ன சொன்னாங்க?"

"பேசிட்டிருக்கோம்ப்பா" என்றான். அப்பா தலையாட்டிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரோடு விட்ட இடத்திலிருந்து அரட்டையைத் தொடர்ந்தார். எந்த ரூட்டில் எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது அவருக்கு இன்னும் மனப்பாடம்.

திங்கட்கிழமை பயிற்சியில் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தார்கள். டீயா, காபியா என்று முதலில் கேட்டார்கள். கண்ணாடிக்காரன் டீ என்றான். ஏன் என்றார்கள். பிடிக்கும் என்றான். அது காரணம் இல்லை, உணர்ச்சி என்று அவன் தாளில் வட்டம் போட்டார்கள். டீயின் நன்மை ஐந்து, தீமை ஐந்து, காபியின் நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் மதிப்பெண் போட்டு, கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொன்னார்கள். அவன் எவ்வளவு முட்டி மோதியும் டீயின் நான்காவது தீமை கிடைக்கவில்லை. அக்கா லாரி ஆபீஸில் போன் எடுப்பவள், பேச்சிலும் எழுத்திலும் அவனைவிடக் கெட்டி. அவளுக்குக் காபி ஒன்றரை மதிப்பெண்ணில் ஜெயித்தது. அவளுக்குக் காபி ஒத்துக்கொள்ளாது, நெஞ்சு எரியும். இருந்தாலும் பயிற்சி முடிந்ததற்கான தாளில் கையெழுத்து வேண்டுமே, வாங்கிக் குடித்தாள். மூன்றரை மணி நேரம் ஆனது.

அன்று கட்டு மாற்றும்போது கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலும் நிறம் மாறியிருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் அமர்வு. இது அவர்களுக்கு மட்டும் தனியாக. யோசித்தாயிற்று, பயிற்சி ஆயிற்று, இப்போதும் விரலை எடுப்பதுதான் எங்கள் முடிவு என்று இருவரும் சொன்னார்கள். ஒருங்கிணைப்பாளரின் நெற்றி சுருங்கியது.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்களே. இதுதான் எனக்குக் கவலையா இருக்கு. எதிர்க்கருத்தே இல்லாத முடிவை நாங்க முடிவுன்னு எடுத்துக்கறதில்லை. அதுக்குப் பேர் பாசம்."

விதி என்னவென்றால், குடும்பத்தில் எதிர்ப்பவர் யாரும் இல்லாவிட்டால் ஒருவரை எதிர்ப்பாளராக நியமிக்க வேண்டும். பதிவாளர் அம்மா இரண்டு சீட்டை மடித்து ஒரு கிண்ணத்தில் போட்டார். அக்காவுக்கு எதிர்ப்பாளர் சீட்டு வந்தது. வியாழக்கிழமைக்குள் ரத்தக்குழாயைத் திறப்பதற்கு ஆதரவாகவும், விரலை எடுப்பதற்கு எதிராகவும் ஐந்து பக்கத்துக்குக் குறையாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும். லிஃப்டில் இறங்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டார்கள். சின்ன வயதில் விளையாட்டுக்குச் சீட்டுக் குலுக்கினதற்குப் பிறகு இப்போதுதான் என்றாள் அக்கா.

அந்தச் சிரிப்பு ஒரு நாள்தான் நின்றது.

அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. லாரி ஆபீஸில் விடுப்புச் சொல்லிவிட்டு, இதே மாதிரி சிகிச்சை செய்துகொண்டவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினாள். ரத்தக்குழாயைத் திறந்து, இதயமும் தாங்கி, இன்றைக்கு மாடிப்படி ஏறி இறங்குகிற ஒருவரை நேரில் பார்த்துவிட்டு வந்தாள். விரலை மட்டும் எடுத்து, புண் ஆறாமல், பிறகு பாதமும் போன இரண்டு பேரையும் பார்த்தாள். ஐந்து பக்கம் கேட்டிருந்தார்கள். அவள் ஒன்பது பக்கம் எழுதினாள். எழுதி முடித்தபோது அது சீட்டில் வந்த கருத்தாக இல்லை, அவளுடைய கருத்தாகவே ஆகிவிட்டிருந்தது.

புதன்கிழமை மதியம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தம்பியிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"அவங்க எழுதச் சொன்னதுக்காக எழுதினே. நீயே நம்பிட்டியா?"

"யார் சொல்லி எழுதினா என்னடா? எழுதினது உண்மையா இல்லையா?"

"அப்பாவோட இதயம் நின்னு போனா?"

"கால் அழுகிப் போனா?"

இருவருமே சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆனால் கேட்ட விதம் சரியில்லை. பேச்சு வளர்ந்தது. அப்பாவை அவள் தன்னோடு வைத்துக்கொள்ளாததும், மாதாமாதம் காலைப் பார்த்திருக்க வேண்டிய இவன் பார்க்காததும், செருப்பு வாங்கிக் கொடுத்தது யார் என்பதும் வெளியே வந்தன. நாற்பது வருஷமாக ஒருவர் வாக்கியத்தை ஒருவர் முடித்தவர்கள், பெஞ்சின் இரண்டு கோடியில் தள்ளி உட்கார்ந்தார்கள். அன்று சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு இரண்டு வந்தது. இவன் ஒன்று, அவள் ஒன்று. அப்பா இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, "பசி இல்லை" என்றார்.

வியாழக்கிழமை மூன்றாம் அமர்வில் அக்கா ஒன்பது பக்கத்தையும் படித்தாள். ஒருங்கிணைப்பாளர் நடுவில் இரண்டு முறை கண்ணை மூடி ரசித்தார். முடித்ததும், இந்தப் பிரிவின் வரலாற்றிலேயே இவ்வளவு நேர்த்தியான எதிர்ப்பை நான் கேட்டதில்லை என்றார். இப்போது ஒன்றுக்கு ஒன்று சமம். இதுதான் உண்மையான கடினத் தேர்வு, வந்த அன்று உங்களிடம் இருந்தது வெறும் எளிய தேர்வு என்று பாராட்டினார்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். தம்பி அவள் பக்கம் திரும்பவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்றால் மூன்றாவது ஆளைக் கேட்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது.

"அப்பா கீழேதான் இருக்கார். வீல்சேர்ல அழைச்சிட்டு வரட்டுமா? அவர் என்ன நினைக்கிறார்னு கேட்டுடலாம்."

பதிவாளர் அம்மா எழுதுவதை நிறுத்தினார். ஒருங்கிணைப்பாளர் மென்மையாகச் சிரித்தார்.

"நிறைய பேர் இதைக் கேக்கறாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, அது அவரோட கால். அவருக்கு அதுல சொந்த நலன் இருக்கு. சொந்த நலன் இருக்கிறவரை முடிவுல உட்கார வெச்சா அது எப்படி நடுநிலையான முடிவா இருக்கும்?"

அதனால் நோயாளியை அமர்வில் சேர்ப்பதில்லை. சமநிலை ஏற்பட்டால் ஆற விடுவதுதான் முறை. திங்கட்கிழமை வரச் சொன்னார். 'ஆற விடுவது' என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடிக்காரனுக்கு ஆறாத புண்தான் கண்முன் வந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தான். அவ்வளவு நல்ல குரலில் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவுக்குக் காய்ச்சல். போர்வைக்குள் உடம்பு தூக்கிப் போட்டது. கட்டுப் பிரித்தபோது நர்ஸ் முகமூடியைச் சரிசெய்துகொண்டாள். பாதம் பாதிக்கு மேல் கருநீலம். கணுக்காலைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. வாடை வராந்தா வரை வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் அறுவை டாக்டரைத் தேடி ஓடினான். அவர் வந்து பார்த்தார். பார்த்த முகத்திலேயே பதில் இருந்தது. ஆனால் வாயில் வரவில்லை. சான்று வந்துவிட்டதா என்றார். இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"அவசரம்னு நான் வாயால சொல்லக் கூடாது. சொன்னா அது அழுத்தம் கொடுக்கிறதுல சேர்ந்துடும். போன மாசம் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லிட்டு ரெண்டு வாரம் பயிற்சிக்குப் போயிட்டு வந்தார். நீங்க புரிஞ்சுக்கணும்."

"புரியுது டாக்டர். நீங்க சான்று இல்லாம..."

"எனக்கும் குடும்பம் இருக்கு" என்றார் டாக்டர். வெட்கப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டே போனார்.

மூன்றாம் மாடியில் ஒருங்கிணைப்பாளர் அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். பயத்தில் இருக்கும் மனிதன் எடுக்கிற முடிவு அவன் முடிவே அல்ல, அது பயத்தின் முடிவு. பயம் தணிந்த பிறகு வாருங்கள் என்றார். கால் கறுக்கக் கறுக்கப் பயம் எப்படித் தணியும் என்று இவன் கேட்டான். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "தணியும். எல்லாருக்கும் ஒரு கட்டத்துல தணிஞ்சிடும். நாங்க பார்த்திருக்கோம்."

அவன் படியிறங்கி வந்து வார்டு வாசலில் நின்றான். அக்கா உள்ளே அப்பாவின் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். வார்டு துடைக்கிற அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்தார். பதினோரு நாளும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊரைப் பற்றிப் பேசுகிற மாதிரி, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தச் சான்றெல்லாம் உள்ளே படுத்திருக்கிறவங்களுக்குத்தான். பின்பக்கம் அவசரப் பிரிவு வாசல் இருக்குல்ல, அதுல வர்றவங்களுக்குக் கிடையாது. அங்க யோசிக்க நேரமில்லைன்னு விட்டு வெச்சிருக்காங்க."

"இவர் உள்ளே படுத்திருக்காரேம்மா."

"வெளிய போனா உள்ள வரலாமே" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை, டிஸ்சார்ஜ் எழுதுகிற குமாஸ்தா மதியமே கிளம்பிவிட்டார். சனிக்கிழமை எட்டு மணிக்குத்தான் ஆள் வந்தது. மருத்துவ ஆலோசனைக்கு எதிராகச் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன் என்ற படிவம் தயாராக அச்சிட்டு வைத்திருந்தார்கள். ஒரே பக்கம். ஒரு கையெழுத்து. நேரம் எழுதுகிற இடம்கூட இல்லை. காய்ச்சலில் பிதற்றுகிற மனிதரை வெளியே கொண்டுபோக யாரையும் கலந்து யோசிக்க வேண்டியதில்லை.

அக்கா முந்தின இரவு வீட்டுக்குப் போயிருந்தாள். போன் பண்ணலாமா என்று யோசித்தான். பண்ணினால் ஒன்பது பக்கமும் திரும்ப வரும் என்று பயந்து போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்பாவை ஒரு டாக்ஸியில் ஏற்றினான். டிரைவர் எங்கே என்றார். பின்பக்கம் என்றான். டிரைவர் திரும்பி அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மதில் சுவரை ஒட்டியே வண்டியை ஓட்டி, இரண்டு திருப்பம் திரும்பி, அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தினார். அப்பா கண்ணைத் திறந்து, "இறங்கற இடம் வந்துடுச்சா?" என்றார்.

உள்ளே ஒரு இளம் டாக்டர் இருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கட்டைப் பிரித்தாள். கணுக்காலைத் தொட்டாள், தொடையில் நாடி பார்த்தாள். இவ்வளவு நாளாக எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் கை காட்டினான். அவளுக்குப் புரியவில்லை, நின்று கேட்கவும் இல்லை. நேராக அப்பாவின் முகத்துக்கு அருகே குனிந்தாள்.

"ஐயா, நான் பேசறது கேக்குதா? விஷம் மேலே ஏறிட்டிருக்கு. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கணும். எடுக்கலைன்னா உயிருக்கு ஆபத்து. உங்களுக்குச் சம்மதமா?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். "எடுத்துடும்மா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கேட்டதுக்கு நன்றி" என்றார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடிக்காரன் சுவரில் சாய்ந்து நின்றான். பதினோரு நாள் ஆயிற்று. மூன்றாம் மாடியில்தான் அப்பாவை உள்ளே விடவில்லை. பதினாலாம் கட்டிலில் அவரிடம் போய் 'உங்களுக்கு என்னப்பா தோணுது' என்று கேட்கக் கூடாது என்று யாரும் விதி போடவில்லை. தினமும் சாயங்காலம் அவர் 'என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க' என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார். இவன்தான் 'பேசிட்டிருக்கோம்ப்பா' என்று அவர் வாயை அடைத்திருக்கிறான்.

ஆபரேஷன் அறைக் கதவு மூடிய பிறகுதான் அக்காவுக்குப் போன் பண்ணினான். அவள் தலைகூட வாராமல் ஓடி வந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா உனக்கு?"

"அப்பாவைக் கேட்டாங்க" என்றான்.

அவள் சண்டைக்கு எடுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

புதன்கிழமை அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்கிற அளவுக்குத் தேறியிருந்தார். போர்வை இடது பக்கம் பாதம் வரை மேடாகவும், வலது பக்கம் நடுவிலேயே தட்டையாகவும் இருந்தது. பதினொரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் வந்தார். கூடவே பதிவாளர் அம்மா, கையில் கோப்பு.

நலம் விசாரித்தார். காலுக்காக வருந்தினார், அந்த வருத்தம் உண்மையானதாகத்தான் இருந்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார். குடும்பம் நடுவிலேயே வெளியேறிவிட்டதால் கோப்பு திறந்தே கிடக்கிறது. முடிவு இல்லாமல் கோப்பை மூட முடியாது. இரண்டு வழியில் எது என்று இப்போதாவது தீர்மானித்துவிட்டால் நல்லது.

"கால் போயிடுச்சுங்க" என்றான் கண்ணாடிக்காரன்.

"அது நிகழ்வு. நான் கேக்கறது முடிவு."

தம்பியின் நிலை விரலை எடுப்பது. அக்கா இன்னமும் எதிர்க்கிறாளா என்று பதிவாளர் அம்மா கேட்டார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, ஆமாம், எதிர்க்கிறேன் என்றாள். இனி எப்போது நினைத்தாலும் அவள் எதிர்க்கத்தான் போகிறாள் என்பது தம்பிக்கு அப்போது தெரிந்தது.

மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. ஒருங்கிணைப்பாளர் கோப்பைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அப்ப உங்களைக் கேட்க முடியாத நிலைமை. இப்ப அந்தக் காலே இல்லை, அதனால உங்களுக்குச் சொந்த நலனும் இல்லை. நீங்க தாராளமா வாக்களிக்கலாம்."

அப்பா வழிகளைப் படித்துக் காட்டச் சொன்னார். பதிவாளர் அம்மா இரண்டையும் படித்தார். அப்பா மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எதைச் சொன்னாலும் ஒரு பிள்ளையின் தலையில்தான் போய் விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அறுவை டாக்டர் பழைய நோயாளியைப் பார்க்க வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"ஏன் டாக்டர்" என்றார் அப்பா. "படிக்காதவன் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. முதல்ல குழாயைத் திறந்து, ரத்தம் வந்ததும் விரலை எடுத்திருக்கலாமா? ரெண்டையும்?"

டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுற்றினார்.

"செஞ்சிருக்கலாம்" என்றார். "இதயம் கொஞ்சம் பயம்தான். ஆனா செய்யறது உண்டு. பல பேருக்குச் செஞ்சிருக்கேன்."

"அப்ப ஏன் சொல்லலை?" அக்கா எழுந்துவிட்டாள்.

"படிவத்துல ரெண்டு கட்டம்தாம்மா. நானா மூணாவதைச் சொன்னா திசைதிருப்பறதா ஆகிடும். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேட்கலை."

பதிவாளர் அம்மாவின் பேனா மட்டும் தாளில் உரசியது. ஒருங்கிணைப்பாளர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். மூன்றாவது வழி என்பது மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்றார். ஆனால் புதிய வழி ஒன்று சேர்ந்தால் விதிப்படி அறிமுக அமர்விலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை மதியம் இடம் இருக்கிறது. இந்த முறை பெரியவரும் வரலாம். ஒரு சீட்டில் நேரம் எழுதி மருந்துப் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூவரிடமும் தனித்தனியாகக் கைகுலுக்கி விடைபெற்றார். டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் போனார்.

அக்கா அந்தச் சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தாள். தம்பி தன் உள்ளங்கையை நீட்டினான். துண்டுகளை அதில் போட்டாள். அவன் வெளியே போய்க் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டு வந்தான்.

"உன் பக்கம் நியாயம் இருந்திருக்குக்கா" என்றான்.

"உன் பக்கமும்தான்டா" என்றாள் அவள்.

அப்பா போர்வையின் தட்டையான பக்கத்தைக் கையால் நீவிவிட்டார். "ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்திருக்கு" என்றார். "கால்தான் இல்லை."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இனி அப்பா தனியாக இருக்க முடியாது. அக்கா வீடு தரைத்தளம்; ஆனால் பகலில் யாரும் இருக்கமாட்டார்கள். தம்பி வீடு கடைக்கு மேலே, பதினெட்டுப் படி. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கம்போல ஜன்னலோரம் போய் நின்று பேசி முடித்திருப்பார்கள். அவள் எழுந்திருக்கப் போனாள். தம்பி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டான்.

"அப்பா, நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க?"

அப்பா மகனை நம்பாத மாதிரி பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "எனக்கு யோசிக்கணுமே" என்றார் தயக்கமாக. "ஒண்ணும் அவசரம் இல்லையே?"

"இல்லப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். அவர்கள் இருவரும் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தார்கள்.